எம்.எஸ்சி. முடித்த பின் ஓராண்டு நெட் பயிற்சி மட்டும் போதுமா? (விவாத இழை)

வாசகர் கேள்வி, 3 மே 2025

மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) இல்லாமல் எங்கேயும் கதவு திறக்காது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். அதனால் சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து ஓராண்டு முழுவதும், அந்த உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுக்கு மட்டும் படிக்கலாம் என்று இருக்கிறேன். ப்ராஜெக்டை எப்படியாவது முடித்துக் கொடுத்துவிடலாம். இந்தத் திட்டம் சரியா?

4 மே 2025

தேர்வை எழுதுங்கள். ஆனால் ஓராண்டை முழுவதுமாக அதற்கே கொடுத்துவிடாதீர்கள்; ப்ராஜெக்டை "எப்படியாவது முடித்துக் கொடுப்பது" என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். சோதனை இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, இப்போது ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நெட் தேர்வு எதைச் சோதிக்கிறது என்று பாருங்கள். இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். முதல் பகுதியில் 20 வினாக்களில் 15, இரண்டாம் பகுதியில் 25-ல் 20, மூன்றாம் பகுதியில் 30-ல் 20 என மொத்தம் 55 வினாக்களுக்கு விடையளிக்கலாம். ஒரு வினாவுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே கிடைக்கும். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும். அடிப்படைப் பாடங்களில் கைவசம் உள்ளவர் யார், கணக்கை விரைந்து போடக்கூடியவர் யார் என்பதை இந்தத் தேர்வு நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. அந்த அடிப்படை இல்லாமல் ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் பிற்பாடு படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருப்பதால், அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த 55 வினாக்களுக்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. நான்கில் எது என்று கண்டுபிடித்தால் போதும். ஆராய்ச்சியில் முதல் ஆண்டிலேயே நீங்கள் சந்திக்கப்போவது, விடை உண்டா என்றே தெரியாத கேள்வி. நேற்று வேலை செய்த கருவி இன்று வேறு எண்ணைக் காட்டும். பிழை மின்சுற்றிலா, மாதிரியிலா, நீங்கள் எழுதிய நிரலிலா, அல்லது இயற்கையே அப்படித்தானா என்று பிரித்தறிய வாரக்கணக்கில் பிடிக்கும். இந்தப் பழக்கத்தை எந்தப் பயிற்சி மையமும் தருவதில்லை. கல்லூரிப் படிப்பில் இதற்கென்று இருக்கும் ஒரே இடம் இறுதிப் பருவ ப்ராஜெக்ட்தான். அதைத்தான் நீங்கள் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள்.

4 மே 2025, இரவு

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஓராண்டு உழைப்பை ஒரே தேர்வு நாளில் கொண்டுபோய் வைப்பதில் வேறோர் ஆபத்து இருக்கிறது. 2024 ஜூன் 25 முதல் 27 வரை நடப்பதாக இருந்த சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு சில நாட்கள் இருக்கும்போது ஒத்திவைக்கப்பட்டு, ஜூலை 25 முதல் 27 வரை நடந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் நெட் தேர்வு ஜூன் 18 அன்று நடந்து முடிந்து மறுநாளே ரத்தானது. அந்த வாரங்களில் என் மாணவர்களில் சிலர் உறங்காமல் இருந்ததை அறிவேன். அவர்களில், ஏதேனும் ஓர் ஆய்வகத்தில் கைவேலையாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தவர்கள் அதைச் சற்று எளிதாகத் தாங்கினார்கள்.

5 மே 2025

"வேறு வழிகள் என்னென்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

இயற்பியலுக்கு நெட் தவிர கேட், ஜெஸ்ட் என்னும் பொது நுழைவுத் தேர்வுகள், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் சொந்த நுழைவுத் தேர்வு ஆகியவை உண்டு. சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், கொடைக்கானல், காவலூர் ஆய்வகங்களை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம் போன்றவை ஜெஸ்ட் மதிப்பெண்ணை ஏற்கின்றன. இளங்கலை முடித்தவர்களுக்கு ஜாம் என்னும் நுழைவுத் தேர்வின் வழியாக, எம்.எஸ்சி.யும் முனைவர் பட்டமும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்புகள் இருக்கின்றன. 2024 ஜூன் முதல் நெட் தேர்விலேயே, உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி தரும் பிரிவு ஒன்று சேர்ந்திருக்கிறது. அதில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. தகுதி ஓராண்டுக்குச் செல்லும். ஆகவே "ஜே.ஆர்.எஃப். இல்லாவிட்டால் கதவு திறக்காது" என்ற சீனியர்களின் பேச்சு முழு உண்மை ஆகாது.

இதைவிட முக்கியமான ஒன்று கோடைக்கால ஆய்வுப் பயிற்சி. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதத் திட்டத்துக்கு வழக்கமாக அக்டோபர், நவம்பரில் விண்ணப்பம் கேட்பார்கள். நம் மாணவர்கள் பலர் ஏப்ரலில் விசாரிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்போது தேர்வானவர்களின் பட்டியலே வந்திருக்கும். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து ஆகஸ்டு மாதமே வகுப்பில் அறிவித்துவிடுங்கள்.

9 மே 2025

கேள்வி கேட்டவர் தன் ப்ராஜெக்ட் தலைப்பை எழுதியிருக்கிறார். சென்ற ஆண்டு சீனியர் செய்த நானோதுகள் தயாரிப்பையே வேறோர் உலோக உப்பை வைத்துச் செய்வதுதான் அது. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தை வெளியில் காசு கொடுத்து எடுத்து, ஒரு சமன்பாட்டில் போட்டுத் துகளின் அளவைச் சொல்லி, ஐம்பது பக்கம் பைண்டிங் செய்து கொடுத்துவிடுவது நம் கல்லூரிகள் பலவற்றிலும் நடக்கும் வழக்கம். தலைப்பைப் பற்றி எனக்குக் குறையில்லை. அந்தச் சமன்பாடு எந்த நிபந்தனையில் செல்லும், அந்தப் படத்தில் வரும் உச்சியின் அகலத்தில் கருவியின் பங்கு எவ்வளவு என்று ஒருவரும் கேட்காமல் விடுவதுதான் என் வருத்தம்.

இந்தப் பழக்கம் ப்ராஜெக்டில் தொடங்குவதில்லை. பி.எஸ்சி. முதலாண்டுச் செய்முறை வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்பதால் அங்கிருந்தே பார்ப்போம். கூட்டு ஊசல் சோதனையைச் செய்யாத இயற்பியல் மாணவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. துளையிட்ட இரும்புப் பட்டையைக் கத்திமுனையில் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு நேரம் குறித்து, வரைபடம் போட்டு, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தும்போது ஒன்றன்பின் ஒன்றாக 9.81, 9.80, 9.81 என்று வரும். அப்சர்வேஷன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அலைவு நேரத்தைத் திருத்தியிருப்பது தெரியும். அழிரப்பரின் தடம் தாளிலேயே இருக்கும்.

இப்போது உண்மைக் கணக்கைப் பாருங்கள். ஊசலின் சமான நீளம் (அதே அலைவு நேரம் கொண்ட தனி ஊசலின் நீளம்) 65 சென்டிமீட்டர் என்றால் ஓர் அலைவுக்குச் சுமார் 1.6 வினாடி, 20 அலைவுகளுக்குச் சுமார் 32 வினாடி ஆகும். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி முன்பின் ஆகலாம், அது 0.6 விழுக்காடு. சூத்திரத்தில் அலைவு நேரம் வர்க்கமாக வருவதால், முடுக்கத்தில் பிழை அதைப் போல் இரு மடங்கு, அதாவது சுமார் 1.2 விழுக்காடு. ஆகவே இந்தச் சோதனையிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது 9.8, முன்பின் 0.1 என்பது மட்டுமே. 9.81 என்று இரண்டு தசம இடத்துக்கு எழுத நமக்கு உரிமையே கிடையாது.

அதோடு முடியவில்லை. 9.81 என்பது நடு அட்சரேகைகளுக்குப் பொருந்தும் மதிப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள நமக்குக் கடல் மட்டத்தில் சுமார் 9.78 தான். சென்னையில் 9.783-ஐ ஒட்டி வரும். கன்னியாகுமரியில் அதைவிடச் சிறிது குறையும். கொடைக்கானல் மலையில் உயரத்தால் இன்னும் குறையும். அழித்துத் திருத்தி 9.81 எழுதிய மாணவர், தம் ஊருக்குப் பொருந்தாத ஓர் எண்ணுக்காகத் தம் கண்ணால் பார்த்ததை விட்டுக்கொடுத்திருக்கிறார்.

100 அலைவுகளுக்கு நேரம் எடுத்துப் பாருங்கள். விரலின் பிழை முடுக்கத்தில் 0.25 விழுக்காடாகக் குறைந்துவிடும். அப்போதுதான் இதுவரை மறைந்திருந்தவை தலைகாட்டும். ஊசலைப் பத்து டிகிரி வரை இழுத்து விட்டிருந்தால், ஊசல் சிறிதளவே ஆடுகிறது (சிறுவீச்சு) என்ற அனுமானம் பிசகி, அலைவு நேரம் ஏறக்குறைய 0.2 விழுக்காடு கூடும், முடுக்கம் 0.4 விழுக்காடு குறைவாகக் கிடைக்கும். விரலின் பிழையைவிட அது பெரிது. ஆகவே வீச்சைக் குறைக்க வேண்டும், அல்லது வீச்சை மாற்றி மாற்றி அளந்து திருத்தம் செய்ய வேண்டும். அதன் பிறகு நீளத்தை அளந்த ஸ்கேலைச் சந்தேகிக்க வேண்டும், கத்திமுனை மழுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிழையைக் குறைத்தால் அடுத்தது வெளிப்படும். அதை அளக்க ஒரு வழி யோசிக்க வேண்டும். முனைவர் பட்டத்தின் ஐந்தாண்டுகளிலும் நீங்கள் செய்யப்போவது பெரும்பாலும் இதுதான். இதைப் பதினெட்டு வயதில் ஓர் இரும்புப் பட்டையை வைத்தே கற்றுக்கொடுத்துவிடலாம். நாம் செய்வதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

10 மே 2025

"எங்கள் கல்லூரியில் கருவியே இல்லை, நீங்கள் சொல்வதெல்லாம் பெரிய நிறுவனத்தாருக்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்றைய குறிப்பில் நான் சொன்னது இரும்புப் பட்டையைப் பற்றித்தான். அதையும் தாண்டி வேண்டுமென்றால் இன்று கைக்கெட்டும் தூரத்தில் நிறைய இருக்கிறது. ஸ்மார்ட்போனிலேயே முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி எல்லாம் உண்டு. ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அவற்றின் அளவீடுகளை எண்களாகத் தரும். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் உருவாக்கிய எக்ஸ்பைஸ் என்ற அளவீட்டுக் கருவிப் பெட்டி ஒரு சாதாரண ஆய்வக அலைநோக்கியைவிட மலிவு. ஈர்ப்பலை கண்டுபிடித்த லைகோ குழு தன் தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் துகள் இயற்பியல் நிறுவனமான செர்னும் அப்படியே. விண்மீன் கூட்டங்களின் நிறமாலைகள், புரதங்களின் அணு அமைப்புகள் எல்லாம் யாரும் இறக்கிக்கொள்ளக்கூடியவை. ஆர்க்கைவ் தளத்தில் ஆய்வுக் கட்டுரைகளைக் காசில்லாமல் படிக்கலாம்.

பற்றாக்குறை கருவியைவிட வேறு இடத்தில்தான் அதிகம். "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று வாரம் ஒரு முறை உட்கார்ந்து கேட்க ஒரு மனிதர் வேண்டும். வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் பாடம் நடத்தி, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகளைத் தயாரித்து, தேர்வுத்தாளும் திருத்தும் கல்லூரி ஆசிரியரிடம் அதை எதிர்பார்ப்பது கடினம் என்று அறிந்தே சொல்கிறேன். ஆசிரியர் கிடைக்காவிட்டால் மாணவர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள்.

14 மே 2025

"நல்ல கேள்வி எங்கிருந்து கிடைக்கும்?" என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜி.என். இராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. சென்னைக்கு வந்திருந்த இங்கிலாந்து அறிவியலாளர் ஜே.டி. பெர்னால், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தீரவில்லை என்று பேச்சில் குறிப்பிட்டார். அதுவே தொடக்கம். அடையாறில் இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ் கதிரில் படமெடுத்து, கோபிநாத் கர்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று இழை அமைப்பை வெளியிட்டார்கள்.

நான் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வது அதற்கு அடுத்து நடந்ததை. அந்த அமைப்பில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்று பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்ற இரு அறிவியலாளர்கள் குறை சொன்னார்கள். இராமச்சந்திரன் குழு, "அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்?" என்ற கேள்வியைக் கையில் எடுத்தது. அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கு இடையிலான தூரங்களைத் திரட்டி, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டார்கள். 1963-ல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உயிர்வேதியியல் பாடநூல்களில் எல்லாம் இராமச்சந்திரன் வரைபடம் என்று இருக்கிறது. எதிர்ப்பாக வந்த ஒரு வரியிலிருந்து, முதல் கண்டுபிடிப்பைவிடப் பரவலாகப் பயன்படும் இரண்டாவது ஒன்று பிறந்தது.

ஆகவே கேள்வி வேண்டுமென்றால் ஒரு கட்டுரையை எடுத்து, அதில் உங்களுக்கு உடன்பாடில்லாத அல்லது விளங்காத ஓர் இடத்தில் நின்றுவிடுங்கள். பத்துக் கட்டுரைகளின் சுருக்கத்தைப் படிப்பதைவிட, ஒரே கட்டுரையின் இரண்டாம் படத்தில் உள்ள பிழைப்பட்டைகள் எதைக் குறிக்கின்றன, ஏன் ஒரு புள்ளி மட்டும் கோட்டிலிருந்து விலகி நிற்கிறது என்று மாதக்கணக்கில் துருவுவது பயன் தரும்.

21 மே 2025

பரிந்துரைக் கடிதம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.

"நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்ற வார்த்தையை நம் கல்லூரிகளில் கேட்காத மாணவர் குறைவு. எனக்கும் ஓர் ஆசிரியர் அப்படித்தான் சொன்னார். மாணவர் தன்னைப் பற்றித் தானே எழுதும்போது "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், நேரந்தவறாதவர்" என்று எழுதிவிடுவார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அதைப் படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: மாட்டிக்கொண்டபோது இந்தப் பெண் என்ன செய்தாள், தன் முடிவு தவறு என்று தெரிந்தபோது யாரிடம் முதலில் சொன்னாள், வகுப்பில் யாரும் கேட்காத எதைக் கேட்டாள்.

அப்படிப்பட்ட ஒரு சம்பவத்தை ஆசிரியர் எழுத வேண்டுமென்றால் அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே கடிதத்துக்கான ஆயத்தம் விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே தொடங்குகிறது. செய்த வேலையை இரண்டு பக்கமாக எழுதி, முதலில் என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எங்கே தடுமாறினீர்கள் என்று ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் அதை வைத்துத் தாமே எழுதட்டும். ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிக்கொடுங்கள். அந்த ஒரு பக்கத்தால் வாழ்க்கை மாறிய பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

2 ஜூன் 2025

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய பதில் இரண்டு நாட்களாக என் மனத்தில் இருக்கிறது. "ஓராண்டு படிப்பதா, ஆய்வகத்தில் பழகுவதா என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஓராண்டே கிடையாது. அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். எம்.எஸ்சி. முடிந்த அடுத்த மாதம் நான் சம்பாதிக்க வேண்டும், இல்லையென்றால் கல்யாணப் பேச்சு வரும்" என்கிறார் அவர்.

மே 4 அன்று எழுதியதை இந்த இடத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த வாசகிக்கு ஜே.ஆர்.எஃப். ஒரு தகுதிச் சான்று என்பதைவிட, வீட்டில் காட்டக்கூடிய ஒரே ஆதாரம். 2023 ஜனவரி 1 முதல் அந்தத் தொகை, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. அதற்கு முன் 31,000, 35,000 என்று இருந்தது. ஒரு கிராமத்துக் குடும்பத்தில் "மகள் படித்துக்கொண்டே மாதம் முப்பத்தேழாயிரம் வாங்குகிறாள்" என்ற வாக்கியம் கல்யாணப் பேச்சை ஐந்தாண்டு தள்ளிவைக்கும். அந்தப் பெண் நெட்டுக்கு முழு மூச்சாகப் படிப்பதுதான் சரி. அவருக்கு என் அறிவுரை, ப்ராஜெக்டில் அந்த நான்கு மாதத்தை நேர்மையாகச் செய்துவிட்டு, பிறகு தேர்வை எழுதுங்கள் என்பதே. அவரைப் போன்றவருக்குத் திட்ட உதவியாளர் பணியும் உண்டு. ஆய்வு நிதி பெற்ற பேராசிரியர்கள் ஆறு மாதம், ஓராண்டு என்று ஆள் எடுப்பார்கள். விளம்பரம் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தின் ஒரு மூலையில்தான் இருக்கும். சம்பளமும் கிடைக்கும், ஆய்வகப் பழக்கமும் கிடைக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உதவித்தொகை மாதாமாதம் முதல் தேதி வந்துவிடும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். சேர்ந்த முதல் ஆண்டில் காகித வேலை முடிந்து பணம் வரப் பல மாதங்கள் ஆவதும், பின்பும் இடையிடையே நின்று மொத்தமாக வருவதும் ஆய்வு மாணவர்கள் எல்லாரும் அறிந்ததே. அந்த மாதங்களில் மெஸ் பில்லுக்கு நண்பரிடம் கைமாற்று வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சேரும் முன் மூன்று, நான்கு மாதச் செலவுக்கு ஏதேனும் ஒரு வழி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

3 ஜூன் 2025

கட்டடத் தொழிலாளியின் மகளான அந்த வாசகிக்கு: பெண்களுக்கு ஜே.ஆர்.எஃப். வயது வரம்பில் தளர்வு உண்டு. முனைவர் பட்டத்துக்கான 2022 யு.ஜி.சி. விதிகளிலும் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தரப்படுகின்றன. இடையில் குழந்தை பிறந்தால் மகப்பேறு விடுப்பும் உண்டு. யாரேனும் இல்லை என்று சொன்னால் விதியைக் காட்டிப் பேசுங்கள்.

20 ஜூன் 2025

நெறியாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. இந்த இழையில் உள்ள மற்ற எல்லாவற்றையும்விட இது கனமானது என்று நினைக்கிறேன். தலைப்பு பிடிக்காமல் போனால் ஓராண்டில் மாற்றலாம். நெறியாளருடன் ஒத்துப்போகாமல் ஐந்தாண்டு கடத்துவது உடலையும் மனத்தையும் தின்றுவிடும்.

பேராசிரியரின் பெயர், விருதுகள், கட்டுரைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். அவரிடம் படித்து முடித்த கடைசி நான்கைந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள், முடிக்க எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டார்கள், பாதியில் விட்டுப் போனவர் உண்டா, ஏன் என்று விசாரியுங்கள். இப்போதுள்ள மாணவர்களிடம் ஆய்வகத்தில் வைத்துக் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள். வெளியே தேநீர்க் கடையில் கேளுங்கள். மாணவர் தவறு செய்தால் அவர் என்ன செய்வார், கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு, சனிக்கிழமை விடுப்பு உண்டா என்பவை சின்னக் கேள்விகளாகத் தெரியலாம். ஆனால் அடுத்த ஐந்தாண்டு உங்கள் தினசரி வாழ்க்கை அவற்றால்தான் ஆகியிருக்கும்.

2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு பேர், இணைப் பேராசிரியர் ஆறு பேர், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் என்ற வரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டியவரிடம் ஒன்பது மாதம் காத்திருப்பதைவிட, இளம் உதவிப் பேராசிரியரிடம் முதல் மாணவராகச் சேர்வது பல நேரங்களில் நல்லது. அவருக்கும் அந்த வேலை முடிய வேண்டும். உங்களோடு கருவியின் முன் அவரே நிற்பார். ஆனால் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

22 ஜூன் 2025

அதன் தொடர்ச்சியாக ஒரு எச்சரிக்கை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகங்கள் தத்தம் விதிகளில் அதை வைத்துக்கொள்ளலாம். அந்த நெருக்கடியில்தான், காசு வாங்கிக்கொண்டு மூன்றே நாளில் எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பிழைக்கின்றன. நம்பத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று யு.ஜி.சி. தொகுத்து வந்த கேர் பட்டியலும் 2025 தொடக்கத்தில் கைவிடப்பட்டதால், நல்ல இதழ் எது என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இப்போது நம் தலையில் விழுந்திருக்கிறது. ஒரு கட்டுரைக்கு யாரேனும் உண்மையான கேள்வி கேட்டு, இரண்டு முறை திருத்தச் சொல்லி, மாதங்கள் கழித்து ஏற்றால் அது உங்களுக்கு ஒரு பாடம். பணம் கட்டியதும் "வாழ்த்துகள்" என்று மின்னஞ்சல் வந்தால், பின்னாளில் நேர்காணலில் அந்தப் பெயரைச் சொல்ல உங்களுக்கே வாய் வராது.

8 ஜூலை 2025

நேர்காணல் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருவரும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. ஆங்கிலம்தான் தங்களை வீழ்த்துகிறது என்று நம்புகிறார்கள்.

நல்ல நிறுவனங்களின் நேர்காணலில் பொதுவாக முதலில் கேட்பது, "எந்தப் பாடத்தில் கேட்கலாம்?" என்றுதான். நீங்கள் ஒரு பாடத்தைச் சொன்னதும் கரும்பலகைக்கு வரச் சொல்வார்கள். உதாரணமாக எளிய இசை அலையியற்றியில் (சுருள்வில்லில் கட்டிய எடை போல முன்பின் ஆடும் அமைப்பு) தொடங்கி, அதில் ஒரு சிறு மாற்றம் செய்தால் என்ன ஆகும் என்று படிப்படியாகக் கொண்டுபோவார்கள். விடை தெரியாத இடத்துக்கு உங்களை வேண்டுமென்றே அழைத்துப் போவதுதான் அவர்கள் நோக்கம். அங்கே நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, "ஆனால் அலகுகளைப் பார்த்தால் விடை இந்த வடிவில்தான் இருக்க வேண்டும்" என்று தட்டுத் தடுமாறிச் சொன்ன தமிழ்வழி மாணவரைத் தேர்வாளர்கள் விரும்பி எடுத்திருக்கிறார்கள். சரளமான ஆங்கிலத்தில் மனப்பாடப் பகுதியை ஒப்பித்தவரை விட்டிருக்கிறார்கள்.

அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்டுரை எழுதவும், மாநாட்டில் பேசவும் அது கண்டிப்பாக வேண்டும். பயிற்சி செய்யும் முறையை மட்டும் மாற்றுங்கள். இலக்கண வகுப்புக்குப் போவதைவிட, தினமும் ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டே வாய்விட்டு ஆங்கிலத்தில் விளக்குங்கள். கேட்க ஒரு நண்பர் இருந்தால் போதும். முதலில் தமிழில் தெளிவாகச் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே திணறினால் சிக்கல் இயற்பியலில் இருக்கிறது என்று அர்த்தம்.

19 ஜூலை 2025

பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதிலே வருவதில்லை என்று ஒருவர் தாம் அனுப்பிய கடிதத்தை இங்கே ஒட்டியிருக்கிறார். "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் உன்னதமான வழிகாட்டுதலில் ஆராய்ச்சி செய்ய ஆவலாக உள்ளேன்" என்று தொடங்கி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் முதல் எல்லாம் இருக்கிறது. அந்தப் பேராசிரியர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்பது எங்கும் இல்லை. ஒரே கடிதம் நாற்பது பேருக்குப் போயிருப்பது வாசித்ததும் தெரிந்துவிடும்.

ஐந்து பேருக்கு மட்டும் எழுதுங்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. முதல் வரியில் நீங்கள் யார், எப்போது வர முடியும் என்று சொல்லுங்கள். இரண்டாவது பத்தியில், அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்தபோது உங்களுக்கு எழுந்த உண்மையான கேள்வி ஒன்றை இரண்டு வரியில் கேளுங்கள். மூன்றாவது பத்தியில் நீங்கள் செய்த ப்ராஜெக்டில் எதை அளந்தீர்கள், பிழை எவ்வளவு, எது சரியாக வரவில்லை என்று எழுதுங்கள். மதிப்பெண் சான்றுகளை இணைப்பாக வையுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். பேராசிரியர்கள் கருத்தரங்குகளுக்குப் போகும் கோடைக்காலத்தில் அனுப்புவதைவிட, பருவம் தொடங்கும் வாரங்களில் அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் கேள்வியை அனுப்பும் முன் இங்கே போட்டுக் காட்ட விரும்பினால் போடுங்கள். இயற்பியல் சார்ந்தவற்றை நான் பார்த்துச் சொல்கிறேன்.